இரண்டு கையெழுத்தில் ஒரு சூப்

பெயர்ப்பலகையில் தகரக் கரடி.
போன பனியில் இடது காது போய்விட்டது.
அதன் கீழே எட்டு அறைகள், ஒரு குடும்பம்,
நவம்பரில் ஒரே விருந்தாளியாக நான்.

தீயணைப்புக் குடுவைகளைச் சோதிப்பது என் தொழில்.
பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய்
ஊசி பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து
அடுத்த வருஷத்து வில்லையை ஒட்டிவிட்டு வருவேன்.
என்னை யாரும் வழிமேல் விழிவைத்துப் பார்ப்பதில்லை.

உர்சீனா சாவியைத் தந்தாள்.
அரைக்கிலோ பித்தளை தொங்கும் சாவி;
திருடிப் போகிறவன் தோள் சரிந்துதான் போவான்.
"ஐந்தாம் எண். வெந்நீர் வர நேரமாகும்.
ஏன் என்று சமையலறையில் இருப்பவரைக் கேளுங்கள்."
சமையலறையில் இருப்பவர் துமேங், அவள் கணவர்.
கதவு திறந்துதான் கிடந்தது.
நடுவே நாலடி தூரம்.

ஏழு மணிக்கு பார்லிச் சூப்.
பதினான்கு மேசைகளில் ஒன்றில் மட்டும் விளக்கு.
"எப்படி?" என்றாள்.
நன்றாக இருக்கிறது என்றேன்.
"உப்பு கூடிவிட்டதாம் விருந்தாளிக்கு"
என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டே,
சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் குரலில்.
உள்ளே ஒரு கரண்டி நின்றது.
"முப்பத்தோரு வருஷமாக இதே உப்புதான்
என்று சொல்லிவிடுங்கள்."
சொன்னேன்.
ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

என்னோடு ஜெர்மன்.
தங்களுக்குள் ரொமான்ஷ்,
பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

ரொட்டிக் கூடையை வைக்கக் குனிந்த மகள் நெஸா
காதோடு சொன்னாள்:
"நாலாம் நாள். இதுவரை நான் சுமந்தேன்.
நீங்கள் வந்ததில் எனக்கு இன்று விடுமுறை."

அங்கே எல்லாம் மரச்சுவர்.
நீங்கள் தும்மினால் பக்கத்து அறை நலம் விசாரிக்கும்.
படுத்துக்கொண்டு கேட்டேன்:
ஒரு இழுப்பறை, ஒரு செருப்பு,
குழாய்க்குள் யாரோ தொண்டையைச் செருமுவது போல
பதினொரு மணிக்கு வந்து சேர்ந்த வெந்நீர்.
சொல் மட்டும் ஒன்றும் இல்லை.

மூன்று மணி இருக்கும்.
ஜன்னலில் வெளிச்சம் அசைந்தது.
கீழே பனி கொட்டிக்கொண்டிருக்க
இரவு உடைக்கு மேல் கோட்டும் பூட்ஸுமாய் இருவர்.
அவர் மண்வெட்டியால் வழி திறக்கிறார்,
அவள் கைவிளக்கைப் பிடிக்கிறாள்.
நெடுநேரம் பார்த்தேன்.
மண்வெட்டி விழப்போகும் இடத்துக்கு
ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் முன்னாலேயே போய் நின்றது.
அவர் மூச்சு வாங்க நிமிர்ந்தபோது
அதுவும் தரையிலேயே காத்திருந்தது,
முகத்துக்கு ஏறவில்லை.

காலையில் குடுவைகள்.
மாடியில் இரண்டு, மாடிப்படியில் ஒன்று, எல்லாம் பச்சை.
கடைசியாக அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில்
ஆணியில் தொங்கியது. ஊசி சிவப்பில்.
"இதை மாற்றியாக வேண்டும்," என்றேன்,
"இருநூற்றுப் பத்து பிராங்க்."

"நேற்றுவரை பச்சையில்தான் இருந்தது!"

ஒரே வாக்கியம், ஒரே மூச்சு, இரண்டு வாய்.
சொன்ன பிறகு
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்,
கூட்டத்தில் காலை மிதித்துக்கொண்டவர்கள் போல.
அப்புறம் ரொமான்ஷில் ஆரம்பித்தது.
எனக்குப் புரியாத மொழி,
ஆனால் என்னைப் பற்றித்தான்.
அவள் தொடங்கியதை அவர் முடித்தார்.
அவர் மறந்த ஏதோ ஒரு வசவை
அவள் எடுத்துக் கொடுத்தாள்.
நெஸா பால் காய்ச்சும் சாக்கில்
முதுகு குலுங்க நின்றாள்.

கணக்குச் சீட்டில் சூப் இரண்டு முறை இருந்தது,
இரண்டு கையெழுத்தில்.
இரண்டுக்கும் கொடுத்தேன்.

மஞ்சள் பஸ்ஸில் முன்னிருக்கை.
மடியில் செத்த குடுவை, குளிர்ந்துபோய்.
முதல் வளைவில் மூன்று சுரத்தில் ஊதிவிட்டு
ஓட்டுநர் ஃப்ளுரின் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
"கரடியிலா தங்கினீர்கள்?
பேசிக்கொள்கிறார்களா?"

"என்னைத் திட்டுகிறார்கள்," என்றேன்.

"சேர்ந்தா?"

"சேர்ந்துதான்."

அவர் கியரை மாற்றினார்.
அடுத்த நிறுத்தத்தில்
ஏறிய கிழவியிடம் டிக்கெட்டுக்கு முன்னால்
அதைத்தான் சொன்னார்.